யாருடைய வேலைக்கு எதிராக நான் ஓட்டுப் போட்டேன்?

போன மாதம் மாசாயில் எங்கள் வட்டார இளைஞர்களின் ஞாயிறு கலந்துரையாடல் நடந்தது. பசியாறல் முடிந்து முப்பது பேர் வட்டமாக உட்கார்ந்தோம். அன்றைய தலைப்பு வேலைவாய்ப்பு. வழக்கம்போல் முதல் கால்மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு தம்பி எழுந்தார். டிப்ளோமா முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக மோட்டார் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருப்பவர்.

“அண்ணே, சுத்தி வளைச்சுப் பேச வேணாம். இந்த வெளிநாட்டுத் தொழிலாளிங்களை எல்லாம் ஊருக்கு அனுப்பிட்டா நம்ம பசங்களுக்குத் தன்னால வேலை கிடைச்சிடும்.”

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டத்தான் கையைத் தூக்கினேன். தட்ட முடியவில்லை. அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. கோயில் திருவிழா என்றால் முதல் ஆளாக வந்து நாற்காலி அடுக்குபவர். வேலை இல்லாத வயிற்றெரிச்சலில் பேசுகிறார். என் கை நின்றதற்குக் காரணம் வேறு. இதே கணக்கை நானும் ஒரு முறை போட்டிருக்கிறேன். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை, ஓட்டாகவே போட்டேன். இத்தனை வருஷமாக அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

2015 செப்டம்பரில் மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் சண்டர்லேண்ட் நகரத்துக்குப் போனேன். ஒரு வருஷப் படிப்பு. மறு வருஷம் ஜூன் 23ஆம் தேதி, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று பொது வாக்கெடுப்பு. அதில் எனக்கும் ஓட்டு இருந்தது. நம்மில் பலருக்கு இது தெரியாது. பிரிட்டனில் முறையான விசாவோடு வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர், மலேசியரோ சிங்கப்பூரரோ, பதிந்துகொண்டால் அங்கே ஓட்டுப் போடலாம். ஆனால் அங்கேயே பத்து, இருபது வருஷம் வேலை செய்து வரி கட்டிய போலந்துக்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அந்த வாக்கெடுப்பில் ஓட்டுக் கிடையாது.

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு போலந்துக் குடும்பம் இருந்தது. போலந்து 2004இல் ஒன்றியத்தில் சேர்ந்தது. அவர் 2005இல் வந்தவர். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். எட்டு வயதில் ஒரு மகள். அங்கேயே பிறந்தவள், அந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே இழுத்து இழுத்து ஆங்கிலம் பேசுவாள். குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் சூப் கொண்டுவந்து கொடுத்தது அவர் மனைவிதான்.

ஒரு நாள் அவர்கள் வீட்டு வெக்யூம் கிளீனரை மாடிக்குக் கொண்டுவந்தேன். அடியில் ‘மலேசியாவில் தயாரிக்கப்பட்டது’ என்று இருந்தது. எனக்கு ஒரே பெருமை. “எங்க அம்மா ஜொகூர்ல இந்த மாதிரி கிளீனர் பூட்டுற ஃபேக்டரியிலதான் பன்னிரண்டு வருஷமா வேலை செய்யறாங்க. இதுக்கு ஸ்குரூ போட்டது அவங்களாக்கூட இருக்கலாம்” என்றேன். அவர் சிரித்தார். “அப்படின்னா, இங்கே யாரோ ஒருத்தர் ஸ்குரூ போடுறதை நிறுத்தியிருப்பார்” என்றார்.

அன்று அதை வெறும் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். டைசன் நிறுவனம் 2002இல் தன் வெக்யூம் கிளீனர் உற்பத்தியை இங்கிலாந்தின் மால்ம்ஸ்பெரி என்ற சிற்றூரில் இருந்து மலேசியாவுக்கு மாற்றியது. அந்த ஊரில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. அந்தக் காலத்தில் ஜொகூரில் இப்படிப்பட்ட வேலைகள் பெருகின. அம்மா ஃபேக்டரி பஸ் ஏற ஆரம்பித்ததும் அப்போதுதான். என் பள்ளிக் கட்டணமும், இங்கிலாந்து போன விமான டிக்கெட்டும் அம்மா ஓவர்டைம் செய்து சேர்த்த காசு.

இப்போது ஓட்டுக்கு வருகிறேன்.

நான் வார இறுதியில் ஒரு கறி உணவகத்தில் தட்டு கழுவினேன். முதலாளி வங்காளதேசத்துக்காரர். “வெளியேறணும்னு போடு தம்பி. ஐரோப்பாக்காரன் தாராளமா வர்றதாலதான் நம்ம ஆளுங்களுக்கு விசா கிடைக்க மாட்டேங்குது. அவனுங்க கதவு மூடினா நம்ம கதவு திறக்கும்” என்பார். இது அவர் தானாகக் கண்டுபிடித்த வாதம் இல்லை. அப்போது வேலைவாய்ப்புத் துறை இணையமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேலும் கறி உணவகங்களைக் காப்பாற்ற வெளியேறுவதே வழி என்று பிரச்சாரம் செய்துகொண்டிருந்தார். படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர்கள் தங்கி வேலை தேடுவதற்கான விசாவை 2012இலேயே நிறுத்திவிட்டார்கள். படிப்பு முடிய மூன்று மாதம் இருந்தது. எனக்கு அங்கே தங்க ஆசை.

இன்னொரு பக்கம் வேலை போகும் என்ற எச்சரிக்கை. வெளியேற ஓட்டு விழுந்தால் இரண்டு வருஷத்தில் சுமார் 5 லட்சம் வேலைகள் போகும், மோசமானால் 8 லட்சம்வரை போகும் என்று அரசாங்கத்தின் நிதியமைச்சே மே மாதம் அறிக்கை விட்டது. படித்தேன். ‘எனக்கா போகப் போகிறது?’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த அறிக்கைக்கு நான் கொடுத்த மொத்த யோசனையும் அவ்வளவுதான்.

வாக்கெடுப்பு நாளன்று மாலை, ஷிப்டுக்குப் போகிற வழியில் அந்தப் போலந்து நண்பரே என்னைத் தன் காரில் வாக்குச்சாவடியில் இறக்கிவிட்டார். “நான் வந்து பதினோரு வருஷம். நீ வந்து ஒன்பது மாசம். எனக்கும் சேர்த்துப் போடு” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். உள்ளே போனேன். ‘வெளியேறு’ என்ற கட்டத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

அன்று நள்ளிரவு கழிந்து கொஞ்ச நேரத்தில் சண்டர்லேண்டின் முடிவு வந்தது. நாட்டிலேயே முதலில் வந்த முடிவுகளில் ஒன்று. 61 விழுக்காடு வெளியேறு. பவுண்டின் மதிப்பு அந்த நிமிஷமே சரிந்தது. நாடு முழுக்க 51.9 விழுக்காடு. காலையில் ஷிப்ட் முடிந்து வந்தவர் சமையலறையில் இரண்டு தேநீர் போட்டு ஒன்றை என் பக்கம் தள்ளினார். “சூப்பர்வைசர் பயப்படாதேன்னு சொன்னார்” என்றார். பிறகு கேட்டார், “நீ எதுக்குப் போட்டே?”

“இருக்கணும்னுதான்” என்றேன்.

பொய். அந்தப் பொய்தான் இன்றுவரை உறுத்துகிறது. ஏன் உறுத்துகிறது என்று யோசித்து யோசித்துத்தான் இந்தக் கட்டுரைக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

கணக்கு சரியாக இருந்தால் போதுமா?

நான் தப்பாகக் கணக்குப் போட்டு ஏமாந்திருந்தால் இது சின்னக் கதை. ஆனால் நடந்தது அப்படி இல்லை.

முதலில், 5 லட்சம் வேலை போகவில்லை. 2019இல் பிரிட்டனின் வேலையின்மை 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. 1970களுக்குப் பிறகு அவ்வளவு குறைந்தது அப்போதுதான். இரண்டாவது, என் கதவும் திறந்தது. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. அந்த வருஷக் கடைசியோடு ஐரோப்பியர்கள் தடையில்லாமல் வந்து வேலை செய்யும் உரிமை முடிந்தது. 2021 ஜூலையில் படிப்பு முடித்த மாணவர்களுக்கான விசா திரும்ப வந்தது. ஐரோப்பியர்களின் வரவு குறைந்து, ஆசியாவில் இருந்தும் ஆப்பிரிக்காவில் இருந்தும் போகிறவர்கள் கூடினார்கள். நான் அதற்குள் ஊர் திரும்பிவிட்டேன். அது என் நேரம். கணக்கு என்னமோ பலித்துவிட்டது.

அப்படியென்றால் யாருக்கும் நஷ்டம் இல்லையா? இருந்தது. லண்டனில் இருந்த ஐரோப்பிய மருந்துகள் முகமை 2019இல் ஆம்ஸ்டர்டாமுக்கு மாறியது. சுமார் 900 பேர் வேலை செய்த அலுவலகம். ஐரோப்பிய வங்கி ஆணையம் பாரிஸுக்குப் போனது. ஸ்விண்டனில் ஹோண்டாவின் கார் தொழிற்சாலை 2021 ஜூலையில் மூடப்பட்டது. சுமார் 3,500 பேர் வேலை இழந்தார்கள். பிரிவுக்கும் மூடலுக்கும் சம்பந்தம் இல்லை, உலகம் மின்சாரக் காருக்கு மாறுவதுதான் காரணம் என்று ஹோண்டா சொன்னது. மொத்தமாகப் பார்த்தால் நாட்டின் உற்பத்தித் திறன் நீண்டகாலத்தில் 4 விழுக்காடு குறைவாக இருக்கும் என்று அந்நாட்டு வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம் கணித்தது.

வணிகக் கூட்டமைப்பில் இருந்து ஒரு நாடு வெளியேறும்போது வேலை போவது பெரும்பாலும் இப்படித்தான். ஒரே நாளில் கதவைச் சாத்திப் பூட்டுப் போடுவதில்லை. ஒரு காரில் இருக்கும் உதிரிபாகம் பல முறை எல்லை தாண்டிப் போய் வருகிறது. ஒவ்வொரு எல்லையிலும் புதிதாகப் பத்திரம், சோதனை, காத்திருப்பு. முதலாளி இருக்கிற ஆலையை உடனே மூட மாட்டார். அடுத்த மாடலை எங்கே செய்வது என்ற கேள்வி வரும்போது வேறு ஊரைக் காட்டுவார். அந்த வேலை போனதாக எந்தப் பட்டியலிலும் வராது, ஏனென்றால் அது வரவே இல்லை. நிசான் தன் எக்ஸ்-டிரெயில் காரை சண்டர்லேண்டில் செய்வதாக 2016இல் அறிவித்து, 2019இல் அதை ஜப்பானிலேயே செய்துகொள்வதாக மாற்றிச் சொன்னது இதற்கு ஓர் உதாரணம். அதே நிசான் 2021இல் அங்கே மின்சாரக் காருக்கும் பேட்டரிக்கும் புதிய முதலீட்டை அறிவித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போலந்து நண்பருக்கு என்ன ஆயிற்று? 2018இல் அவர் வேலை செய்த பிரிவை மூடினார்கள். டீசல் கார் விற்பனை சரிந்தது ஒரு காரணம், பிரிவைப் பற்றிய குழப்பம் ஒரு காரணம் என்று நிர்வாகம் சொன்னதாம். வேறு வேலை கிடைத்திருக்கும், ஆனால் மனம் விட்டுப்போய்விட்டது என்று எழுதியிருந்தார். குடும்பத்தோடு ஊர் திரும்பினார். போலந்து மொழியில் எழுதத் தெரியாத மகளைப் போலந்துப் பள்ளியில் சேர்த்தார். நாட்டின் கணக்குப் புத்தகத்தில் அன்று வேலையின்மை குறைந்திருந்தது. மொத்தக் கணக்கில் லாபம் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் வேலை கிடைத்தவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர். ஒருவர் வயிறு நிறைந்ததை வைத்து இன்னொருவர் பசியைக் கழிக்க முடியாது.

விலையைச் சொல்வது யார்?

நண்பர்கள் சிலர் கேட்கலாம்: “சண்டர்லேண்ட் மக்களே வெளியேறத்தானே ஓட்டுப் போட்டாங்க? அவங்க வேலைக்கு அவங்களே உலை வைச்சுக்கிட்டா, உனக்கு என்ன வருத்தம்?”

சரியான கேள்வி. அந்த ஊரில் 1988இல் கப்பல் கட்டும் தொழில் முடிந்தது. 1993இல் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை மூடினார்கள். அந்த இடத்தில்தான் இப்போது காற்பந்து மைதானம் நிற்கிறது. இடையில் 1986இல் வந்த நிசான்தான் ஊரைத் தாங்கியது. அந்த ஆலை வந்ததே ஐரோப்பியச் சந்தைக்கு வாசலாக இருக்கும் என்றுதான். இத்தனையும் தெரிந்தும் ‘வெளியேறு’ என்றார்கள். வெளியூர்க்காரர்கள் அவர்களை முட்டாள்கள் என்றார்கள்.

துணி துவைக்கும் கடையில் பழக்கமான ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது வேறு. அவருடைய அப்பா கப்பல் பட்டறைத் தொழிலாளி. பட்டறையை மூடியபோது யாரும் எங்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை, இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார்கள் என்றார். வேலை போகலாம் என்று தெரியும், போனால் என் மகனுக்குத்தான் போகும், அதையும் யோசித்துத்தான் போட்டேன் என்றார்.

அவர் முடிவு சரியா தப்பா என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் ஓட்டும் என் ஓட்டும் ஒன்றல்ல என்று இப்போது தெரிகிறது. அவர் தன் வீட்டுச் சோற்றைப் பணயம் வைத்தார். நான் அடுத்த வீட்டுச் சோற்றைப் பணயம் வைத்தேன். தன் நாட்டின் மானத்துக்காகவோ உரிமைக்காகவோ நஷ்டத்தை ஏற்கிறேன் என்று சொல்ல, அந்த நஷ்டத்தைத் தாங்கப்போகிறவருக்கு உரிமை உண்டு. மூன்று மாதத்தில் விமானம் ஏறப் போகிறவன் ‘கொஞ்சம் நஷ்டம் வரும், பரவாயில்லை’ என்று சொல்வதற்கு என்ன மதிப்பு?

இன்னும் ஒன்று. லாபம் அடைந்ததே பாவம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அம்மாவின் பன்னிரண்டு வருஷ உழைப்பையும் பாவம் என்று சொல்ல வேண்டிவரும். மால்ம்ஸ்பெரியில் யாருடைய வேலையையும் அம்மா பறிக்கவில்லை. வந்த வேலையைச் செய்தார், கைவிரல் வீங்கச் செய்தார். அந்த வேலை எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. கீழ்த்தளத்தில் இருந்தவரின் முகம் தெரியும், மகளின் பேர் தெரியும், சூப்பின் ருசி தெரியும். எல்லாம் தெரிந்தும் அந்தப் பென்சிலைப் பிடித்தபோது அவரை மனிதராக எண்ணவில்லை. ஒரு காலி இடமாக எண்ணினேன். அவர் போனால் அங்கே நான் உட்காரலாம்.

தப்பு அங்கேதான் இருந்தது. பொய் சொன்னது அதை மறைக்கத்தான்.

நாமும் ஒரு காலத்தில் ‘அவர்கள்’

இதை நம் சமுதாயம் புரிந்துகொள்வது கஷ்டமாக இருக்கக்கூடாது. 1968இல் நம் நாட்டில் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களில் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். எங்கள் தாத்தாவின் தம்பியும் அதில் ஒருவர். குளுவாங் பக்கம் பால்மரம் வெட்டியவர். நாகப்பட்டினத்தில் இறங்கியபோது அவர் பிள்ளைகளுக்கு அந்த ஊர் அந்நிய ஊர். அன்றும் யாரோ ஒருவர் ‘இவங்க போனா நம்ம பசங்களுக்கு வேலை’ என்று கணக்குப் போட்டிருப்பார். அவர் கணக்கும் சரியாகவே இருந்திருக்கலாம். தாத்தா சாகும்வரை அந்தத் தம்பியின் பேரைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

அப்படியென்றால் நாடு எந்த முடிவும் எடுக்கக்கூடாதா? கூட்டமைப்பில் சேர்ந்தால் அப்படியே கிடக்க வேண்டுமா? எல்லையை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டுமா? இல்லை. நம் பையன்களுக்கு நியாயமான சம்பளத்தில் வேலை வேண்டும் என்று கேட்பது நியாயம். குறைந்த கூலிக்கு வெளியாட்களைக் கொண்டுவந்து கசக்குகிற முதலாளியைக் கேள்வி கேட்பதும் நியாயம். சேர்ந்தாலும் ஒருவருக்கு வேலை போகும், பிரிந்தாலும் ஒருவருக்குப் போகும். யாருக்கும் வலிக்காத முடிவு கிடையாது.

அதனால்தான் எனக்கு நானே இரண்டு விதி வைத்துக்கொண்டேன். ஒன்று, நான் ஆதரிக்கிற முடிவால் வேலை இழக்கப்போகிறவரின் முகத்தைப் பார்த்து அந்த முடிவைச் சொல்ல முடிய வேண்டும். காரணத்தோடு, பொய் இல்லாமல். சொல்ல முடியவில்லை என்றால் என் காரணத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது. இரண்டு, சொன்னபிறகு கையைக் கழுவிவிட்டுப் போகக்கூடாது. ‘அது அவன் விதி’ என்று நம்மவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவோம். விதி வேலை செய்கிற இடத்தில் நம் கையும் இருந்தது என்றால், தூக்கிவிடவும் நம் கைதான் நீள வேண்டும். நம் நாட்டில் 2018இல் இருந்து சொக்சோ வழியாக வேலைக் காப்புறுதித் திட்டம் நடக்கிறது. தொழிலாளியின் சம்பளத்தில் ஆயிரத்துக்கு 2 ரிங்கிட், முதலாளியிடம் 2 ரிங்கிட். சம்பளச் சீட்டில் அந்தத் தொகையைப் பார்த்து முணுமுணுத்தவன்தான் நானும். இப்போது முணுமுணுப்பதில்லை. யாரோ ஒருவர் வேலை இழந்த மாதத்தில் என் 2 ரிங்கிட்டும் அவர் வீட்டு அரிசியில் இருக்கும்.

கலந்துரையாடல் அன்று அந்தத் தம்பிக்கு இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அண்ணே, நீங்க சொல்றது சரி. ஆனா எனக்கு இன்னும் வேலை இல்லையே” என்றார். அதற்கு என்னிடம் தத்துவப் பதில் இல்லை. அவருடைய சுயவிவரத்தை வாங்கிக்கொண்டேன். எங்கள் குழுவில் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் இரண்டு அக்காமார்களிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் நேர்முகத் தேர்வுக்கு ஒரு பயிற்சியும் வைக்கிறோம்.

அன்று இரவு போலந்து நண்பருக்கும் எழுதினேன். நான் போட்ட ஓட்டு எது, ஏன் போட்டேன், ஏன் பொய் சொன்னேன், எல்லாம். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், “உன் அம்மா இன்னும் அந்த ஃபேக்டரிக்குத்தான் போகிறாரா?” என்று கேட்டிருந்தார்.

அம்மா ஓய்வு பெற்றுவிட்டார் என்று பதில் எழுதினேன். பிறகு அம்மாவிடம் போய் உட்கார்ந்து, இந்தக் கதையை முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தேன்.